பாரமகால்: சவ்வாதுமலை மேல்பால் எல்லைநாடும் அயலார் ஆட்சியும்

தமிழக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் நின்று எழுதப்பெற்றவை. காஞ்சியும் தஞ்சையும் மதுரையும் செஞ்சியும் அவற்றில் நடுவிடம் பெறுகின்றன; அவற்றிற்கு இடைப்பட்ட நிலங்களோ படைகள் கடந்து செல்லும் வழிகளாக மட்டுமே பேசப்பெறுகின்றன. அங்ஙனம் 'வழி' என்ற அளவிலேயே குறிக்கப்பெற்று, தனக்கென ஒரு வரலாறு உடையதாகக் கருதப்படாது போன நாடுகளுள் ஒன்று பாரமகால். விசயநகரத்தார், பீசப்பூர்ச் சுல்தான்கள், மைசூர் உடையார், கடப்பை நவாபு, ஐதரலி, திப்பு சுல்தான், ஆங்கிலக் கும்பினியார் என இருநூறு ஆண்டுகட்கும் சற்று மிக்க காலத்துள் ஏழு ஆட்சிகளைக் கண்டது இந்நாடு. இவ்வாட்சிகளுள் ஒன்றேனும் இம்மண்ணில் தோன்றியதன்று. ஆள்வோர் மாறியபொழுதெல்லாம் ஆட்சி மாறிற்றா, மாறிற்றெனின் எப்பொழுது, எவ்வகையில் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலவமைப்பை முதற்கண் காண்போம். சவ்வாதுமலை வடகிழக்குத் தென்மேற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீண்டு கிடப்பது. அதன் கீழ்ப்புறம் போளூரும் செங்கமும்; மேற்புறம் ஆலங்காயமும் திருப்பத்தூரும். வடக்கே பாலாறு மலையை ஒட்டி ஓடி ஆம்பூர், வேலூர் வழியாகக் கிழக்கே திரும்புகின்றது. தெற்கே, மலை தாழ்ந்து முடியுமிடத்தில், சிங்காரப்பேட்டையிலிருந்து செங்கம் நோக்கிச் செல்லும் கணவாய் உளது. இம்மலைக்கு மேற்கிலும் மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பிற்குக் கிழக்கிலும் அமைந்த இடைநிலமே பாரமகால். இன்றைய கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் பெரும்பகுதியும் தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியும் இதனுள் அடங்கும். மேற்கே மலைக்கு மேலுள்ள நாட்டைப் 'பாலாகாட்' என்றும், கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்த நாட்டைப் 'பாயின்காட்' என்றும் பாரசீகம் கற்ற எழுத்தர் வழங்கினர். பாரமகால் இவ்விரண்டற்கும் நடுவே ஒரு படிக்கட்டின் இடைநிலை போன்றது. மேலிருந்து கீழே இறங்குவோரும் கீழிருந்து மேலே ஏறுவோரும் அதில் ஒருமுறை நின்றே ஆகவேண்டும்.

எல்லைநாடு என்னும் இயல்பு இந்நிலத்திற்குப் புதிதன்று. மலைக்குக் கிழக்கே செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். அப்பாட்டிற் பேசப்பெறும் சேயாறு சவ்வாதுமலையில் தோன்றுவதே. மேற்கே தகடூரில் அதியமான் மரபினர் ஆண்டனர். இவ்விரு குடியினர்க்கும் இடையே நின்றது மலை. அதியர் மரபின் பிற்கால வழித்தோன்றலாகிய விடுகாதழகிய பெருமாள், போளூருக்கு அண்மையிலுள்ள திருமலையில் தன் முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததனை ஆங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. தகடூர்த் தலைவன் ஒருவன் மலைக்குக் கிழக்கே திருப்பணி செய்தான் என்பது, மலை எல்லையாக இருந்தபொழுதும் சுவராக இருந்ததில்லை என்பதற்கு ஒரு சான்று.

இதனினும் சிறந்த சான்று செங்கம் பகுதி நடுகற்கள். தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்ட பின்னரே இவற்றின் பெருமையை அறிஞருலகம் முழுமையாக உணர்ந்தது எனலாம். சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவர்களின் ஆட்சியாண்டு பொறித்த இக்கற்களுள் பலவும் வட்டெழுத்தில் அமைந்தவை. அவை கூறும் செய்தியோ பெரும்பாலும் ஒன்றே: பகைவர் ஆநிரை கொண்டனர், அல்லது கொள்ள வந்தனர், இன்னான் மீட்டுப் பட்டான். மன்னன் பெயர் கல்லின் தலைப்பில் ஒரு வரியில் வரும். அவனுக்கு அதற்குமேல் அங்கு இடமில்லை. பேரரசுகளின் போர்கள் பற்றி அக்கற்கள் பெரிதும் பேசுவதில்லை. அண்டையூர்த் தலைவர்க்குள் நிகழ்ந்த தொறுப்பூசலே அவற்றின் பொருள். எடத்தனூர் நடுகல் ஒன்றில் வீரனுக்கருகே ஒரு நாயின் உருவும் உளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்து நின்ற செய்தி அக்கல்லில் எழுதப்பெற்றுள்ளது. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த இவ்வெல்லை நாட்டார், பிற்காலத்தே தமக்கென ஒரு வரியும் எழுதாது போனமை வியப்பிற்குரியது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

இனி, 'பாரமகால்' என்னும் பெயரை நோக்குவோம். சோழர் காலத்தில் திருப்பத்தூர்ப் பகுதி எயில்நாடு எனப்பட்டது. தகடூர் நாடு என்பது அதற்கு மேற்கும் தெற்கும் வழங்கிய பெயர். பாரமகால் என்பதோ இவற்றொடு யாதொரு தொடர்பும் இல்லாத சொல். 'பாரா' என்பது பன்னிரண்டு. 'மகால்' என்பதை அரண்மனை என்று கொண்டு, பன்னிரண்டு அரண்மனைகள், அல்லது பன்னிரண்டு கோட்டைகள், உடைய நாடு என்று பொருள் கூறுதல் மரபு. கிருஷ்ணகிரி, சகதேவிகட், வரணகட், காவல்கட், மகராசகட், புசங்ககட், கடோரகட், ககனகட், சுதர்சனகட், தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என ஒரு பட்டியலும் தரப்படுகின்றது. எனினும் இப்பட்டியலே அப்பொருளுக்கு இடையூறாக நிற்கின்றது. முதற்பத்தும் மலைக்கோட்டைகளோடு தொடர்புடைய பெயர்களாக இருக்க, திருப்பத்தூரும் வாணியம்பாடியும் சமவெளிப் பேரூர்கள். ஏரியாலும் ஆற்றாலும் வளம்பெற்று வரி மிகுதியாக ஈட்டித் தந்த ஊர்கள். பாரசீக வருவாய்க் கணக்கில் 'மகால்' என்பது வரித்தொகுதியைக் குறிக்கும் சொல் என்பதனை அபுல் பசலின் அயினி அக்பரியைக் கற்றோர் அறிவர். சர்க்கார் என்னும் பெரும்பிரிவு மகால்களாகப் பகுக்கப்படும். ஆகவே பாரமகால் என்பது பன்னிரு வரிக்கூறுகள் கொண்ட நாடு என்று கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து. கோட்டை ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த ஊர்களின் வரியைத் திரட்டும் இடமாகவும் இருந்தமையால், இரு பொருளும் ஒன்றோடொன்று கலந்து போயிருத்தல் இயல்பே.

இக்கருத்தை ஏற்பின் பெறப்படுவது சிறிய செய்தியன்று. ஒரு நாடு தன் குடியின் பெயராலோ ஆற்றின் பெயராலோ அன்றி, அதனைக் கைப்பற்றியோன் ஏட்டில் எழுதிய கணக்கெண்ணாலேயே அறியப்படலாயிற்று. எயில்நாடு மறைந்து 'பன்னிரண்டு' என்னும் எண் நாட்டின் பெயராயிற்று. பாரமகாலில் அயலாட்சியின் முதற்சுவடு வாளினால் விழுந்ததன்று, எழுதுகோலால் விழுந்தது.

பட்டியலிற் காணும் 'கட்' என்னும் ஈறு கோட்டையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். கிருஷ்ணகிரிக்கு அண்மையில் உள்ள மகராசகட் இன்று மக்கள் வழக்கில் மகராசகடை என்று வழங்குகின்றது. அயற்சொல்லின் ஈறு தமிழ்ச்செவிக்குப் பழகிய 'கடை'யாகத் திரிந்துவிட்டது. சகதேவிகட் ஈற்றை இழந்து சகதேவி என்னும் ஊராக நிற்கின்றது. மேற்கே செல்லச்செல்ல மாரண்டஅள்ளி, செட்டிஅள்ளி என அள்ளி ஈற்று ஊர்கள் மிகுகின்றன. கன்னடத்து 'ஹள்ளி'யே அது. ஊர்ப்பெயர்களை வரைபடத்திற் குறித்துப் பார்ப்பின், எவ்வாட்சி எவ்வளவு ஆழம் வேர்விட்டது என்பதை அரசர் வரிசையினும் தெளிவாக அறியலாம்.

அரசர் வரிசையைச் சுருக்கமாகவே கூறிச் செல்வோம். விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில், பெனுகொண்டாவைப் பகைவர் முற்றுகையிட்டபொழுது அரசர்க்கு உற்றுழி உதவிய சகதேவராயர் இந்நாட்டைப் பெற்றார். கன்னட நாட்டுச் சன்னபட்டணம் பின்னர் அவர் குடியின் தலைமையிடமாயிற்று. 1630இல் சன்னபட்டணம் மைசூர் உடையார் கைப்பட்டபின் அக்குடி நிலைகுலைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பீசப்பூர்ப் படைகள் தெற்கே இறங்கின; சிவாசியின் தந்தையாகிய சாகசி அப்படையெழுச்சியிற் பங்கு கொண்டு பெங்களூரைச் சாகீராகப் பெற்றார். பீசப்பூர் 1686இல் அவுரங்கசீபிடம் வீழ்ந்த குழப்பத்தைப் பயன்படுத்தி, மைசூர்ச் சிக்கதேவராயர் 1688–89 அளவில் தருமபுரி, காவேரிப்பட்டணம் முதலியவற்றைக் கைப்பற்றினார்.

ஈண்டு முகலாயரைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். 'முகல்' என்பது 'மங்கோல்' என்பதன் பாரசீகத் திரிபு. பாபர் தந்தைவழியில் தைமூரின் குடியிலும் தாய்வழியில் செங்கிசுகானின் குடியிலும் தோன்றியவர். அவர் வழியினர் தம்மைத் தைமூர் மரபினர் என்று கூறிக்கொள்வதையே பெருமையாகக் கருதினர்; மங்கோலியர் என்னும் பெயரைப் பிறரே அவர்கட்குச் சூட்டினர். நடு ஆசியப் புல்வெளியிற் பிறந்த அப்பெயரின் ஆணை தெற்கே எட்டிய எல்லைப்புறங்களுள் பாரமகாலும் ஒன்று. பீசப்பூருக்கு உரியதாக இருந்த கருநாடகம் முழுவதும் தமக்கே உரியது என்று முகலாயர் உரிமை கொண்டாடினர்; 1698இல் செஞ்சியையும் கைப்பற்றினர். ஆயினும் மேற்குப் புறத்தில் அவர்கள் படையினும் பட்டமே வலிதாயிற்று. 1700 அளவில் சிக்கதேவராயர் தூதரை அனுப்பி முகலாய அரசரிடம் பட்டம் பெற்றார் என்பது வரலாறு. பின்னர், ஏறத்தாழ 1714இல், கடப்பை நவாபு அப்துல் நபி கான் பாரமகாலைத் தன் ஆட்சிக்குட் கொணர்ந்தான். அவனும் பெயரளவில் தில்லிக்கு உட்பட்டவன், குலத்தால் பட்டாணியன். தில்லியின் பெயரால் ஒரு பட்டாணியன் மைசூரிடமிருந்து பறித்த தமிழ்நாட்டுப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் பேசிய அலுவலர் பாரசீகச் சொற்களால் வரி எழுதினர் என்றால், 'அயலார்' யார் என்னும் வினா எவ்வளவு சிக்கலுடையது என்பது விளங்கும்.

ஐதரலியின் வருகையொடு கதை விரைவு கொள்கின்றது. 1760இல் புதுச்சேரியில் இடர்ப்பட்ட பிரெஞ்சுக்காரர்க்கு உதவ ஐதரலி தன் மைத்துனன் மகதூம் அலியை அனுப்பினான். வழியில் பாரமகாலும் ஆனேக்கல்லும் அவன் வசமாயின. அவ்வாண்டிலேயே சீரங்கப்பட்டணத்தில் நிகழ்ந்த சூழ்ச்சியால் ஐதரலி தன் பதவியையே இழக்கும் நிலையுற்றபொழுது, மராட்டியப் படை விலகிச் செல்வதற்கு விலையாகப் பணத்தொடு பாரமகாலையும் தருவதாக ஒப்புக்கொண்டான், ஆனால் கொடுத்தானில்லை. கைப்பற்றிய சில திங்களிலேயே பேரம் பேசும் பொருளாக நாடு வைக்கப்பெற்றது. எல்லை நாட்டின் தலைவிதி இத்தகையது.

1767ஆம் ஆண்டுப் போர் இந்நாட்டின் நிலவமைப்பைத் தெளிவாக விளக்கும் போர். ஐதரலியும் ஐதராபாத்து நிசாமும் கூட்டுச் சேர்ந்து இறங்க, பாரமகாலில் நின்ற ஆங்கிலத் தளபதி கர்னல் சுமித்து செங்கம் கணவாய் வழியே திருவண்ணாமலைக்குப் பின்வாங்கத் தலைப்பட்டான். செப்டம்பர் 3ஆம் நாள், சவ்வாதுமலையின் தெற்குக் கோடியில், செங்கத்தருகே போர் மூண்டது. கணவாயிலிருந்து வெளிப்படும் வழியை யார் முன்னர்ப் பற்றுவது என்பதே அப்போரின் உட்பொருள். சுமித்து வென்றான், எனினும் வென்ற களத்தில் நிற்க அவனால் இயலவில்லை. படைக்கு அரிசி இல்லை. வெற்றி பெற்ற படை இரவோடிரவாக அரிசியைத் தேடித் திருவண்ணாமலை நோக்கி நடந்தது. அத்திங்கள் இறுதியில் அவ்வூரருகே மீண்டும் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. நவம்பரில் ஐதரலி திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் மீட்டு ஆம்பூரை முற்றுகையிட்டான். மலைக்கோட்டையுள் இருந்த கேப்டன் கால்வர்ட்டு டிசம்பர் வரை தாங்கினான். 1768இல் ஆங்கிலேயர் மீண்டும் பாரமகாலுள் புகுந்தனர். மே திங்களில் கிருஷ்ணகிரியும் பணிந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே ஐதரலி பெரும்பகுதியை மீட்டுக்கொண்டான். 1769 ஏப்ரல் உடன்படிக்கை அவரவர் நிலத்தை அவரவர்க்கே திருப்பித் தந்தது.

இரண்டாண்டிற்குள் இந்நாட்டின் ஊர்கள் மும்முறை கைமாறின. போர் வரலாறுகள் தளபதிகளின் பெயரைத் தவறாது கூறுகின்றன. சுமித்துக்குக் கிடைக்காத அரிசி யாருடைய குதிரில் இருந்தது, ஐதரலியின் குதிரைப்படைக்குத் தீனி யாருடைய கொல்லையில் விளைந்தது என்பன அவற்றில் இல்லை. ஆனால் போரின் போக்கை முடிவு செய்தது அவ்வரிசியே. வந்த படை உண்டு செல்லும், அடுத்து வரும் படை எஞ்சியதைக் கேட்கும் என்னும் நிலையில், உழவன் தன் விளைச்சலை மறைத்து வைப்பதையே தற்காப்பாகக் கொண்டிருப்பான் என்று கருதுதல் பிழையாகாது.

1780 சூலையில் ஐதரலி அதே செங்கம் கணவாய் வழியாகக் கருநாடகத்தினுள் இறங்கினான்; செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலப் படையொன்று அழிந்தது. 1790இல் கர்னல் மாக்சுவெல்லு வடக்கிலிருந்து பாரமகாலுள் புகுந்தான். திப்பு அவனையும் அவனுக்குத் துணையாக வந்த சேனைத்தலைவன் மெடோசையும் ஏமாற்றித் தொப்பூர்க் கணவாய் வழியே தெற்கே நழுவினான். மறு ஆண்டு நவம்பரில் மாக்சுவெல்லு கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றான். ஆகவே, கிருஷ்ணகிரியை அப்போரில் ஆங்கிலேயர் வாளால் வென்றாரல்லர். சீரங்கப்பட்டண முற்றுகையின் முடிவில், 1792 மார்ச்சில் எழுதிய உடன்படிக்கையாலேயே அது அவர்கட்குக் கிடைத்தது. திப்பு தன் நாட்டிற் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் உரூபாயையும் இழந்தான். பாரமகாலும் சேலமும் கும்பினியாரின் பங்காயின.

இவ்விடத்தில் நம் ஆராய்ச்சி சற்று நின்று செல்லவேண்டும். வந்தவர்களுள் கும்பினியாரே இதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்தனர். காரன்வாலிசு பிரபு இந்நாட்டை ஆளச் சென்னைச் சிவில் அலுவலரை அனுப்பவில்லை. நாட்டுமொழி அறிந்த படைத்தலைவர்களையே அமர்த்தினார். கேப்டன் அலெக்சாந்தர் ரீடு தலைமை பூண்டார். மன்றோ, கிரகாம், மக்லியோடு ஆகியோர் துணைவர். தாமசு மன்றோ தருமபுரியில் தங்கி ஏழாண்டு பணிபுரிந்தார். முன்னர் வந்தோர் ஊரையோ ஊர்த்தொகுதியையோ எடுத்துக்கொண்டு, ஊர்த்தலைவனிடமும் குத்தகையாளனிடமும் மொத்தத் தொகை பேசினர். ரீடு வயல்வயலாக அளக்கலானார். ஒவ்வொரு வயலுக்கும் அளவும் தரமும் தீர்வையும் உழுவோன் பெயரும் ஏட்டில் ஏறின. 1796 டிசம்பரில் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, குடியானவன் தன் வயலைத் தீர்வை செலுத்தி வைத்துக்கொள்ளலாம், அல்லது ஆண்டுதோறும் விட்டுவிடலாம். பின்னாளில் இரயத்துவாரி முறை என்று பெயர் பெற்று, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிற் பரவிய வரிமுறையின் நாற்றங்கால் பாரமகாலே. முதலில் ஐயுற்ற மன்றோ பின்னர் அதன் தலையாய வழக்கறிஞராயினார். 1820 முதல் 1827இல் இறக்கும்வரை சென்னையின் ஆளுநராகவும் இருந்தார்.

இதனை நற்செயல் என்றும், உழவனை இடைத்தரகரிடமிருந்து மீட்ட செயல் என்றும் புகழ்ந்து எழுதினோர் பலர். மன்றோவின் கடிதங்களைப் படிப்போர்க்கு அவர்மேல் மதிப்பு உண்டாதல் இயல்பு. தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றி அவர் எழுதுவதில் ஒரு நேர்மையான எளிமை உளது. எனினும் ஆராய்ச்சியாளன் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, திப்புவின் வரிக்கொடுமை பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, அவனிடமிருந்து நாட்டைப் பறித்தவர்களே எழுதியது. முன்னோன் ஆட்சியைப் பழித்தல் புதியோன் தன் உரிமையை நிலைநாட்டும் முறை. மற்றொன்று, வயல்வாரி அளவை உழவனைத் தரகரிடமிருந்து விடுவித்ததெனினும், அவனை அரசின் நேர்ப்பார்வையின்கீழ் நிறுத்திற்று. படைக்கு மறைத்து வைத்த விளைச்சலை ஏட்டிற்கு மறைத்தல் எளிதன்று. தீர்வை பளுவானது என்பதனை மன்றோவே உணர்ந்திருந்தார். 1807இல் வேறொரு நாட்டைப் பற்றி, அஃதாவது கடப்பை, பல்லாரி முதலிய பகுதிகளைப் பற்றி எழுதும்பொழுது, தீர்வையில் நூற்றுக்கு 25 குறைத்தல் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்முறை பிறந்த மண்ணிலேயே அது முதலில் கைவிடப்பெற்றது என்பது ஒரு நகைமுரண். ரீடு 1799இல் மைசூர்ப் போருக்குச் சென்றபின், வங்காளத்து நிலையான வரித்திட்டம் இங்கும் புகுத்தப்பெற்றது. 1802ஐ அடுத்த சில ஆண்டுகளில் நாடு இருநூறு அளவினவான மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலம் விடப்பெற்றது. அளந்து அறிந்த தீர்வையைச் செலுத்த இயலாது மிட்டாதார் பலர் விரைவில் நொடித்தனர். நிலம் மீண்டும் அரசிடமே வந்தது. எஞ்சிய மிட்டாக்கள் 1948ஆம் ஆண்டு எசுடேட்டு ஒழிப்புச் சட்டம் வரை நின்றன.

ரீடும் துணைவரும் திரட்டிய ஆவணங்கள் 'பாரமகால் ஆவணங்கள்' என்னும் பெயரால் 1907 முதல் பகுதி பகுதியாகச் சென்னையில் அச்சாயின. ஆட்சி, மக்கள், விளைபொருள், உடைமை, நிலவரி எனப் பொருள்வாரியாக அவை அமைந்துள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தமிழ்நாட்டுப் பகுதி எவ்வாறு வாழ்ந்தது என்பதனை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் ஆவணத்தொகுதி பிறிதொன்று அரிது. ஆயினும் அது வினா எழுப்பியவன் ஏடு. வரி, சாதி, பயிர், உரிமை என அவன் வினவியவற்றிற்கே அதில் விடை உளது. அவ்விடைகளைச் சொன்ன ஊர்க்கணக்கரும் மணியக்காரரும் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லியிருப்பர். நமக்குக் கிடைப்பது ஆங்கில வடிவமே. நடுகல்லில் நாயின் பெயரையும் எழுதிய மக்களின் குரல் பிற்காலத்தே ஏன் கேட்கவில்லை என்று முன்னர் வினவினோம். எழுதும் தொழில் முழுவதும் வரிக்கணக்கின் பக்கம் சென்றுவிட்டமையே அதன் காரணம் என்று தோன்றுகின்றது. நடுகல் எழுதியோன் ஊரார்க்காக எழுதினான்; கணக்கன் ஆள்வோனுக்காக எழுதினான்.

கணக்கன் மொழியை நோக்கினும் இது புலனாகும். தாலுகா, வசூல், கிஸ்தி, சமாபந்தி, தாசில்தார், சிரஸ்தார், சாகுபடி, இனாம் ஆகிய சொற்களைக் கும்பினியார் கொண்டுவரவில்லை. அவை பீசப்பூரும் கடப்பையும் மைசூரும் வழங்கி விட்டுச்சென்றவை. ஆங்கிலேயர் அவற்றை அப்படியே எடுத்தாண்டனர். கடமை, குடிமை, இறை என்னும் சோழர்காலச் சொற்கள் கல்வெட்டோடு நின்றுபோயின. வென்றோர் ஒருவரையொருவர் துரத்தினர். அவர்தம் வரிச்சொற்களோ ஒன்றையொன்று துரத்தவில்லை, அடுக்கடுக்காகத் தங்கின. பாரமகாலில் எது தொடர்ந்தது என்று வினவின், ஏரியும் கணவாயும் இச்சொல்லடுக்குமே தொடர்ந்தன என்று விடை கூறலாம். நிலத்தை அளந்த 1792–1799 காலமே உண்மையான முறிவு. ஐதரலியைக் கன்னடநாட்டான் என்பதால் அயலான் என்றும், அதனால் அவனையும் ரீடையும் ஒரு தட்டில் வைக்கலாம் என்றும் எழுதுவாரும் உளர். ஆள்வோனின் பிறப்பிடத்தைக் கொண்டு அயன்மையை அளத்தல் இந்நாட்டிற்குப் பொருந்தாது. விளைச்சல் எங்குச் செலவாயிற்று, கணக்கு எங்குச் சென்றது என்பவையே உரிய அளவுகோல்கள். கணக்கு இலண்டனுக்குச் சென்றது ஒருகாலத்தே மட்டுந்தான்.

பாரமகால் என்னும் பெயர் பின்னர் ஆட்சிவழக்கினின்று மறைந்தது. திருப்பத்தூர் வட்டம் சேலம் மாவட்டத்தினின்று 1911இல் வடஆர்க்காட்டிற்கு மாற்றப்பெற்றது. தருமபுரி 1965இலும், கிருஷ்ணகிரி 2004இலும், திருப்பத்தூர் 2019இலும் தனி மாவட்டங்களாயின. பழைய நாட்டை ஒருசேரக் காட்டும் வரைபடம் இன்று பள்ளிப் பாடநூலிற்கூட இல்லை.

சவ்வாதுமலை மேல் வாழும் மலையாளிகளைப் பற்றி இதுகாறும் ஒன்றும் கூறாதது, ஆவணங்கள் அவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசுவதால். மலையில் ஏறிய படை இல்லை; படை ஏறாத இடத்தில் கணக்கும் தாமதமாகவே ஏறிற்று. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்திற்குப் பின்னரே, சந்தன மரத்தை முன்னிட்டு, அரசின் கை அங்கு இறுகியது. ஆனால் அவர்கள்பால் தம் வரவைப் பற்றிய ஒரு பழங்கதை உண்டு. வடஆர்க்காட்டு மாவட்ட நூலிலும் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தொகுதியிலும் அது பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர், வேளாளர் மறுத்தனர். சினங்கொண்ட வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட எழுவர் தம்முடன் ஏழு நாய்களையும் கொண்டு சென்றனர். நாய்கள் மட்டும் திரும்பின், எம்மை இறந்தோராகக் கருதிச் சடங்கு செய்க என்று மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரிதின் நீந்திக் கரையேறினர். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. மனைவியர் தாலி களைந்தனர். எழுவரும் வேடரை வென்று பெண்களை மீட்டு வந்தபொழுது, ஊரில் அவர்கள் இறந்தோர். ஆகவே வேடர் குலத்துப் பெண்களை மணந்து மலையேறி, நிலந்திருத்தி வாழ்ந்தனர்; அவர் வழியினரே சவ்வாதுமலை மக்கள் என்பது கதை.

இக்கதையை வரலாறாகக் கொள்வாரில்லை. எனினும் கங்குந்தியும் பாலாறும் காஞ்சியும் மலையும் அதில் உள்ள இடங்கள்; மேட்டுநிலத்து வேடரும் சமவெளி வேளாளரும் அதில் உள்ள மக்கள். கவர்தலும் மீட்டலும் நாயும் எடத்தனூர்க் கல்லிலும் உள்ளன. ஓர் ஆட்சியாளன் பெயரும் இக்கதையில் இல்லை. பாரமகாலைச் சூழ்ந்த மக்கள் தம் எல்லையைப் பற்றித் தாமே சொன்னதாக நமக்குக் கிடைப்பது இவ்வளவே. அதையும் எழுதி வைத்தவர் ஆங்கில அலுவலர். மலையிற் பல நூறு குக்கிராமங்கள் உள. இக்கதை அவற்றுள் எவ்வூரில் எவ்வாறு சொல்லப்படுகின்றது, பாலாற்றிற்குப் பதில் வேறு ஆறு வருகின்றதா, நாய்களுக்குப் பெயர் உண்டா என்பதனை மலையேறிச் சென்று தமிழிலேயே கேட்டு எழுதுதல் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.